எங்களுக்கும் ஒரு பேனர்

ஜூன் 3, செவ்வாய்

வலி: 4.

பிசியோதெரபி டாக்டரம்மா தினமும் கால் வலியை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். கூடவே அன்றைக்கு என்ன செய்தேன் என்றும் எழுத வேண்டுமாம். "எதனால கூடுது, எதனால குறையுதுன்னு பாக்கணும்" என்றாள். இரண்டு வயதில் போலியோ வந்ததிலிருந்து முப்பத்தேழு வருஷமாக இந்த இடது காலோடு குடித்தனம் நடத்துகிறேன். அது எதற்கும் காரணம் சொன்னதில்லை.

இன்று செய்தது: பூப்புனித நீராட்டு விழா பேனர் இரண்டு, புதுமனை புகுவிழா ஒன்று, கண்ணீர் அஞ்சலி மூன்று. பால்துரை அண்ணாச்சியின் பிளக்ஸ் கடையில் பதினான்கு வருஷமாக டிசைனர். தூத்துக்குடியில் பாதிப் பேரின் முகத்தை நான்தான் வெளுத்திருக்கிறேன். தொப்பைகளைக் குறைத்திருக்கிறேன். செத்தவர்களுக்குச் சிரிப்பு வைத்திருக்கிறேன்.

மத்தியானம் ஒரு தாய்மாமன் வந்தார். குடும்பப் படத்தில் ஓரமாக நின்ற பெண்ணின் ஊன்றுகோலைக் காட்டி, "கோலை மட்டும் எடுத்துருங்க, பிள்ளை இருக்கட்டும்" என்றார். எடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பெண் இப்போது எதையும் பிடிக்காமல் காற்றில் சாய்ந்து நிற்கிறாள். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

வலி: 3.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வைஜெயந்தி அக்காவின் டிபன் கடை மூடியிருக்கும். அப்போது நாங்கள் ஆறேழு பேர் அங்கே கூடுவோம். சங்கம் என்று சொன்னால் பதிவு எண் கேட்பார்கள், அதனால் எதுவும் சொல்வதில்லை. சிலருக்குக் கால், சிலருக்குக் கண், சிலருக்கு ஊர் ஒத்துக்கொள்ளாத காதல், சிலருக்கு எல்லாம் சேர்ந்து. நான் காலுக்காகப் போகிறேன். இதை ஒருமுறை சொர்ணத்திடம் சொன்னபோது "சரி சரி" என்றாள். ஒரு சரி போதுமே, எதற்கு இரண்டு?

சொர்ணம் ஒரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய் அதற்கும் சேர்த்து வேலை செய்கிறது.

இன்று வைஜெயந்தி அக்கா வடையைத் தட்டில் போட்டுவிட்டு, தான் உட்காராமல் நின்றாள். அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. போன மாதம் நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள்.

"ஏ கனி, நான் செத்தா எங்க ஊர்க்காரனுவ பேனர் வைப்பானுவ. மீசை வச்ச போட்டோவ எங்கிருந்தாவது தேடி எடுப்பானுவ. அம்மை அப்பன் வச்ச ஆம்பளப் பேரைப் போடுவானுவ. எனக்கு அது வேண்டாம். உயிரோட இருக்கையிலேயே என் பேர்ல ஒரு பேனர் வேணும்."

"என்ன விசேஷம்னு போட?" என்றேன்.

"மஞ்சள் நீராட்டு."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அக்காவே சிரித்தாள், எல்லோரும் சிரித்தோம்.

ஜூன் 12, வியாழன்

வலி: 5. படி ஏறியதால்.

வைஜெயந்தி அக்காவின் பேனர் முடிந்தது. எட்டுக்குப் பத்து. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பின்னால் இரண்டு மயில், ஒரு அருவி. முகத்தை வெளுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "இந்தக் கறுப்புக்கு நான் எவ்வளவு பவுடர் போட்டுத் தோத்திருக்கேன், நீயும் தோக்காத" என்றாள்.

பால்துரை அண்ணாச்சி திரையில் வெகுநேரம் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் அவர் என்னிடம் சொந்த விஷயம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. கடைசியில், "வைஜெயந்தில துணைக்கால் விட்டுப்போச்சான்னு பாத்தேன். அதுல துணைக்காலே கிடையாது, சரிதான்" என்றார். பிறகு, "கீழ நம்ம கடை பேரு, போன் நம்பர் மட்டும் போட வேண்டாம்மா" என்றார்.

நல்ல மனுஷர். ஆனால் போன் நம்பர் அளவுக்குத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அக்காவின் பேனரைக் கடைச் சுவரில் மாட்டினோம். அக்கா முன்னால் நின்று முந்தானையைச் சரி செய்தாள், பேனரில் இருப்பவள் பார்க்கிறாள் என்பதுபோல. இப்போது எல்லோருக்கும் வேண்டுமாம். கண்காட்சியே வைத்துவிடலாம் என்றான் இசக்கிராஜ்.

இசக்கிராஜ் உப்பு லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருவான், பின்னால் சேவியர் உட்கார்ந்திருப்பான். ஊரில் அவனைக் "கூட இருந்து பாத்துக்கிடுத பையன்" என்பார்கள். பதினோரு வருஷமாக ஒரே தலையணையில் பார்த்துக்கொள்கிறான். இசக்கிராஜ் லாரியிலிருந்து விழுந்த அன்று அவசரக்காரக் கூட்டாளிகள் கண்ணீர் அஞ்சலி பேனரே அடித்துவிட்டார்களாம். அதே படத்தைப் போட்டு "கண்ணீர் அஞ்சலி ரத்து" என்று எழுதச் சொல்கிறான்.

"கீழ 'வாழ்த்தும் நெஞ்சங்கள்'னு வரிசையா மூஞ்சி போடுவாவல்ல, அதுல சேவியரை மட்டும் போடு."

"அப்போ நெஞ்சங்கள் தப்பு. 'வாழ்த்தும் நெஞ்சம்'னு ஒருமைல போடணும்."

சேவியர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துவிட்டது.

"கனிக்கு என்ன பேனர்?" என்று கேட்டாள் சொர்ணம்.

"நான் வேலைக்காரி. வேலைக்காரிக்குப் பேனர் கிடையாது" என்றேன்.

"சரி சரி" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

வலி: 2.

சொர்ணத்துக்குப் பேனர் செய்வது சிரமம். தன் படம் அச்சடிக்கக் கூடாது என்கிறாள். "நான் பாக்காத மூஞ்சிய ஊரெல்லாம் ஏன் பாக்கணும்? முதல்ல எனக்குச் சொல்லு, எப்படி இருக்கேன்?"

அதனால் அவள் குவார்ட்டர்ஸுக்குப் போய் அவள் முகத்தை அவளுக்குச் சொன்னேன். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. மூக்கைப் பற்றியே சொல்ல நிறைய இருக்கிறது. தொழில்முறையில் நான் எதையும் விட்டுவிடுவதில்லை.

"பொய் சொன்னா எனக்குத் தெரியும். குரல் மாறும்" என்றாள்.

"மாறுச்சா?"

"மாறுச்சு. ஆனா பொய்க்கு மாறுத மாதிரி இல்ல."

மழை வருகிற மாதிரி இருந்ததால் கிளம்பிவிட்டேன். மழை வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மாடியில் குடியிருக்கும் அண்ணன் கீழே என் அறைக்கு வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், தரையில் நிற்கும்போது எப்போதும் கொஞ்சம் தடுமாறுவான். பேச வந்தால் இன்னும் தடுமாறுவான். இன்று ஃபேனைப் போட்டான், நிறுத்தினான், மறுபடியும் போட்டான்.

"சாயர்புரத்துல ஒரு வரன். ஐம்பது வயசு. மனைவி தவறிட்டாங்க. ரெண்டு பிள்ளைக. சர்ச்சுல நல்ல பேரு."

நான் போனைச் சார்ஜில் போட்டேன்.

"எனக்கும் வயசாகுது கனி. நான் இருக்க வரைக்கும் சரி. பிறகு?"

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் அவன். இறங்குகிறேன் என்றால் இன்னும் வேகமாக ஓடுவான்.

போகும்போது வாசலில் நின்று, "ஒரு போட்டோ கேட்டாவ. நீயே கொஞ்சம் சரி பண்ணி அனுப்பிரு. உன் தொழில்தானே" என்றான்.

ஜூன் 28, சனி

சரி பண்ணினேன். முழு உயரப் படம். இடது காலில் முட்டிக்கு மேல் வரை இரும்பும் தோலுமாக மாட்டியிருக்கும் காலிப்பரை அழித்தேன், தடித்த பூட்ஸை அழித்தேன், செருப்பு வைத்தேன், இரண்டு காலையும் ஒரே அளவாக்கினேன். ஆறு நிமிஷம். ஊன்றுகோலைவிட நான்கு நிமிஷம் அதிகம்.

அனுப்பிவிட்டேன். அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிய படம் அனுப்பினான்.

ஜூலை 2, புதன்

கண்காட்சிக்கு ஒரு ஹால் கிடைத்தது. ஓவியங்களுக்கென்றே கட்டிய ஹால், ஏசி உண்டு. நானும் இசக்கிராஜும் பார்க்கப் போனோம். மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படி. லிப்ட் இல்லை.

"நாலு ஆளு பிடிச்சுத் தூக்கிரலாம் சார்" என்றார் காவலாளி.

இசக்கிராஜ் கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல ஹாலுதான். எங்க படமெல்லாம் ஏறிரும். நாங்கதான் கீழ நிக்கணும்" என்றான். திரும்பி வந்துவிட்டோம்.

ஜூலை 6, ஞாயிறு

ஹால் பிரச்சினையை வைஜெயந்தி அக்கா தீர்த்தாள். ஆடி பிறந்துவிட்டால் கல்யாண மண்டபங்கள் காலியாகத்தானே கிடக்கும். அக்கா பலகாரம் கொடுக்கிற மண்டபம் ஒன்றில் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு நாளைக்குத் தருகிறார்கள். அண்டா வைத்த தள்ளுவண்டி போவதற்காகப் போட்ட சரிவுப் பாதை வாசலிலேயே இருக்கிறது. சாம்பாருக்குச் செய்த வசதி எங்களுக்கும் கிடைத்தது. ஜூலை 20, ஞாயிறு.

தலைப்பு வைப்பதில் ஒரு மணி நேரம் போனது. 'பால்புதுமையினர் மற்றும் மாற்றுத்திறனாளிகளின் காட்சிக்கலை' என்றார்கள். அத்தனை எழுத்தையும் பத்தடிக்குள் அடைத்தால் எறும்புக்குத்தான் தெரியும் என்றேன். கடைசியில், 'எங்களுக்கும் ஒரு பேனர். கண்காட்சி. வருக வருக.'

கூட்டம் முடிந்ததும் சொர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தாள். வழக்கமாகச் சேவியர்தான் கொண்டுபோய் விடுவான். சாயர்புரம் வரனைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"போட்டோ அனுப்புனியா?"

"அனுப்புனேன்."

"காலிப்பரோடயா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அவள் "சரி சரி" என்று சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

வலி எழுத மறந்துபோகிறது.

ஜூலை 11, வெள்ளி

சொர்ணத்திடமிருந்து ஐந்து நாளாகப் போன் இல்லை. இன்று அழைத்தாள். "என் பேனர்ல நீ அன்னைக்குச் சொன்னதையே போடு. என் மூஞ்சியப் பத்தி நீ சொன்ன அத்தனையும். எழுத்துதான், படம் வேண்டாம். கூடவே எனக்கும் தொட்டுப் படிக்க ஒரு வரியாவது இருக்கணும்."

பிரெயில் புள்ளிகளைப் பிளக்ஸில் எப்படி எழுப்புவது? பசையை உருட்டி வைத்துப் பார்த்தேன், காய்ந்து அமுங்கிவிட்டது. வைஜெயந்தி அக்காதான் தன் டப்பாவிலிருந்து கல் வைத்த ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். அருமையாக ஒட்டுகிறது.

மாலையில் சொர்ணம் கடைக்கே வந்து, எந்த எழுத்துக்கு எத்தனை பொட்டு என்று சொல்லிக்கொடுத்தாள். ஒட்டி முடித்ததைத் தடவிப் பார்த்து, "எழுத்து ரொம்பப் பெருசு. சத்தம் போடுத மாதிரி இருக்கு" என்றாள். "இருக்கட்டும். பேனர்னா சத்தம் போடத்தானே செய்யும்."

பால்துரை அண்ணாச்சி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பதினான்கு வருஷத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்ததை எண்ணிவிடலாம்.

ஜூலை 15, செவ்வாய்

சாயர்புரத்துக்காரர்களுக்குப் போட்டோ பிடித்துப்போய்விட்டது. பிடிக்காமல் என்ன? இருபதாம் தேதி ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்களாம். அன்று கண்காட்சி என்றேன். "கடை வேலைதானே, மூணு மணிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான் அண்ணன். அது கடை வேலை இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

மதினி புதுப்புடவை எடுத்து வைத்திருக்கிறாள். உயரம் கூடுதலாக இருப்பதாகப் பார்த்து எடுத்தாளாம். பூட்ஸ் மறையும்.

ஜூலை 18, வெள்ளி

ஆறு பேனரும் அடித்தாயிற்று.

கடை சாத்துகிற நேரத்தில் அண்ணாச்சியிடம், "ஒண்ணு பாக்கி இருக்கு, இன்னைக்கே அடிக்கணும்" என்றேன். ஜூன் 28 அன்று அழிக்காமல் வைத்திருந்த அசல் படத்தை எடுத்தேன். காலிப்பர், பூட்ஸ், கோணல் இடுப்பு, எல்லாம். மயில் வேண்டாம், அருவி வேண்டாம். மேலே ஒரே வரி.

அண்ணாச்சி மிஷினை ஓடவிட்டு, வெளியே வருகிற பிளக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரி முழுதாக வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஸ்பெல்லிங் சரியா இருக்கும்மா" என்றார்.

பொட்டுகளை மட்டும் நானே வீட்டில் ஒட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

நீளமாக எழுதப் போகிறேன்.

காலை பத்து மணிக்குத் திறந்தோம். பத்தரைக்குள் கூட்டம். எனக்கே நம்ப முடியவில்லை. முதலில் வந்த அம்மா நேராக என்னிடம் வந்து, "நைட்டி எந்தப் பக்கம்?" என்றாள். ஆடி மாதம், மண்டபம், வாசலில் 'கண்காட்சி, வருக வருக.' ஆடித் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். பையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு போக மனமில்லாமல் பேனர்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இசக்கிராஜின் பேனர் முன்னால் இரண்டு பெண்கள். "யாரு செத்தது?" "யாரும் சாகல, ரத்தாம்." பேனருக்குக் கீழே வீல்சேரில் உட்கார்ந்திருந்த இசக்கிராஜ் கும்பிடு போட்டான். ஒருத்தி அலறிவிட்டாள். வைஜெயந்தி அக்காவின் பேனர் முன்னால் ஒரு கூலிக்கார அம்மா வெகுநேரம் நின்றாள். பிறகு தன் தலையிலிருந்த பிச்சியில் ஒரு துண்டைக் கிள்ளி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லோரும் அப்படி இல்லை. ஒரு ஆள், "இதுக்கெல்லாமா பேனரு" என்று துப்பாத குறையாகப் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா அவர் முதுகைப் பார்த்து, "போயிட்டு வாங்க, அடுத்த தடவ நைட்டியும் வச்சிருப்போம்" என்றாள்.

என் பேனரைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தேன். ஒரு மணிக்குச் சேவியரிடம் மாட்டச் சொன்னேன். மாட்டினான். படித்தான். கீழே இறங்கி வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

சொர்ணம் என் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் ஏன் பேச்சை நிறுத்திட்டாங்க? உன்னுதா மாட்டியிருக்கு? என்ன எழுதியிருக்கு?"

"பிறகு சொல்லுதேன்."

"இப்பச் சொல்லு."

"டீ வாங்கிட்டு வாரேன்" என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். போனவள் அங்கேயே நின்றேன். வெந்நீர் அண்டா பக்கத்தில், வெகுநேரம்.

மூன்று மணிக்குச் சொல்லியிருந்த அண்ணன் இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டான். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிக்கொண்டு வந்தவன், என் படத்தைப் பார்த்து நின்றான். சொர்ணம் அதே பேனரின் கீழேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து, "ஐயா, யாருன்னு தெரியல, ஒரு உதவி. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இதைச் செஞ்சவ சொல்ல மாட்டேங்கா, மத்தவங்க அவளே சொல்லட்டும்ங்காங்க" என்றாள்.

அண்ணன் யார் எது கேட்டாலும் செய்கிறவன். படித்தான். கிரேனிலிருந்து கூப்பிடுகிற அதே குரல், கூடம் முழுக்கக் கேட்டது.

"எனக்குப் பெண் பார்த்தாச்சு."

படித்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. முகத்தில் பார்த்தேன்.

சொர்ணம் அசையவில்லை. "அவ்வளவுதானா? பேரு ஏதும் இல்லையா?"

"பேரு இல்ல. கீழ ஓரத்துல... பொட்டு ஒட்டி வச்சிருக்கு. வரிசையா."

"எங்க? என் கையை அதுல வைங்க."

வைத்தான். என் அண்ணன்தான் அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தான். அவள் விரல் ஒவ்வொரு பொட்டாகப் போனது. முடிவுவரை போய்விட்டு, மறுபடியும் முதலிலிருந்து வந்தது. நான் அதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டேன். வந்ததுகூடத் தெரியவில்லை.

"கனி" என்றாள், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்காமலேயே. பூட்ஸ் சத்தம் அவளுக்குத் தெரியும். "சொர்ணத்துக்கு மூணு சுழி ண. நீ ரெண்டு சுழி போட்டிருக்க."

பதினான்கு வருஷ டிசைனர் நான். ஊர் முழுக்கப் பிழை திருத்துகிறவள்.

"மாத்திரட்டுமா?"

"மாத்தாத. வேற எவளும் உரிமை கொண்டாட முடியாது" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா என்று பார்த்தேன். இரண்டும்தான்.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தான். "சாயர்புரத்துக்காரங்களுக்கு என்ன சொல்ல?" என்றான், மெதுவாக.

"பாத்தாச்சுன்னு சொல்லு."

திரும்பிப் போய்விட்டான். சரிவுப் பாதையில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

ஜூலை 22, செவ்வாய்

அண்ணன் பேசவில்லை. மதினி சாப்பாட்டைப் பாத்திரத்தில் வைத்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது.

கடையில் அண்ணாச்சி, "அந்தப் பேனரையெல்லாம் வேற எங்கயும் வைப்பீயளா?" என்று கேட்டார். மதுரையில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றேன். "அப்போ கீழ நம்ம கடை பேரு ஒட்டிருவோம்மா. நம்பரும்."

ஜூலை 29, செவ்வாய்

அண்ணன் இன்னும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. சொர்ணத்திடம் சொன்னேன். சமாதானம் சொல்லவில்லை, போனை வைக்காமல் கூடவே இருந்தாள். அரை மணி நேரம். அவள் அலுவலகத்தில் அன்று யாருக்கும் லைன் கிடைத்திருக்காது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அண்ணன் மாடிப்படியில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அவங்களுக்குக் கண்ணு சுத்தமாவே தெரியாதா?"

"தெரியாது."

"ரெண்டு பேரும் எப்படி ரோட்டைத் தாண்டுவீங்க?"

"கையக் காட்டிட்டுத் தாண்டுவோம். எல்லாரும் அப்படித்தானே தாண்டுதாங்க."

மேலே போய்விட்டான். அவன் கேட்பான் என்று நான் பயந்த கேள்வி இது இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் ஆராதனை முடிந்து வந்த உடுப்போடு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். ஃபேனைத் தொடவில்லை.

"மதினிக்கு இன்னும் மனசு ஆறல. சர்ச்சுல யாருக்கும் தெரியக் கூடாதுங்கா. எனக்கும் இது ஒண்ணும் பிடிபடல கனி. பொய் சொல்ல மாட்டேன்."

"சரி."

"அவங்களுக்குப் பெரியவங்கன்னு யாரு இருக்கா?"

"கோவில்பட்டியில ஒரு அக்கா."

கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்தான். "நான் ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். இதுல நம்ம என்ன வீடு? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"ரெண்டு பக்கமும் பொண்ணு வீடுதான்."

"அப்போ யாரு யாரைத் தேடிப் போறது?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அண்ணன் எழுந்து வாசல் வரை போனான். திரும்பாமலே சொன்னான்:

"மூத்தவன் நான்தானே, நான்தான் கோவில்பட்டிக்குப் போகணும். வார ஞாயிறு வேண்டாம், டூட்டி. அதுக்கு அடுத்த ஞாயிறு. அவங்களையும் கூட்டிக்கிடுவோம். பஸ்ல படி உயரமா இருக்கும், நான் கார் சொல்லுதேன்."